ரூபாயா, ரிங்கிட்டா?

வணக்கம் நேயர்களே.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஓர் அக்கா இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, பிறகு செம்பனைக்கு உரம் போட்டு, இப்போது டவுனில் மகன் வீட்டோடு இருக்கிறார். டிசம்பர் விடுமுறையில் முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்குப் போகிறார். திருச்சியில் இறங்கி சமயபுரம், பழனி, மதுரை என்று கோயில் பார்த்துவிட்டு, கடைசியில் சென்னை தியாகராய நகரில் சேலை.

போன வாரம் நான் பசியாறிக்கொண்டிருந்தபோது வந்தார். வண்ணத் தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார். ஈப்போ பேரங்காடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கொடுத்ததாம். தாள் முழுக்கச் சக்கரம் வைத்த பெட்டியின் படம்.

"தம்பி, இந்தக் கார்டை எடுத்தா பெட்டி சும்மா தர்றாங்களாம். ஏர்போர்ட்ல உட்கார்ந்து சாப்பிடவும் எடம் உண்டாம். எடுக்கட்டுமா?"

நான் ஈப்போவில் ஒரு வங்கியில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் கிரெடிட் கார்டு என்கிற கடன் பற்று அட்டை விவகாரம் என் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறது. இந்த வானொலி அழைப்பும் அப்படி வந்ததுதான்.

"பெட்டி உங்களுக்குக் கிடைக்காது அக்கா" என்றேன். 2011-இல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்த விதிப்படி, ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், இருந்தால்தான் கார்டு. அதாவது மாதம் 2,000. அக்காவுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் ஷா ஆலாமில் வேலை செய்யும் மகளுக்கு இரண்டு கார்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் அம்மா பெயருக்குத் துணை அட்டை எடுக்கலாம். அம்மா தேய்ப்பது மகள் கணக்கில் விழும். அது அவர்கள் வீட்டுச் சமாச்சாரம். இரண்டில் எதில் எடுப்பது என்பதுதான் என்னிடம் வந்த கேள்வி.

ஒவ்வொரு கார்டுக்கும் வங்கி ஒரு விளக்கத் தாள் தரும். பளபளப்பு இருக்காது, எழுத்தும் பொடியாக இருக்கும். பெட்டி, புள்ளிகள், ஓய்வறை எல்லாவற்றையும் தாண்டி, வெளிநாட்டுச் செலவுக்கு என்ன கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். விரலை அங்கே வைத்துப் படியுங்கள். மகளின் ஒரு கார்டில் 1 விழுக்காடு, இன்னொன்றில் இரண்டேகால். அந்த இரண்டேகால் கார்டுதான் தங்க நிறத்தில் மின்னியது. வெளிநாட்டுக் கட்டணமே வாங்காத கார்டுகளும் உண்டு, தேடினால் கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா 40,000 ரூபாய்க்குக் கார்டு தேய்த்தால் 2,000 வெள்ளி. 1 விழுக்காடு என்றால் 20 வெள்ளி கூடும். இரண்டேகால் என்றால் 45 வெள்ளி. வித்தியாசம் 25 வெள்ளி.

இந்த 25 எங்கேயோ கேட்ட எண்ணாக இருக்கிறதா? 2018 செப்டம்பரிலிருந்து கார்டு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரசாங்கம் வாங்கும் சேவை வரியும் 25 வெள்ளிதான். துணை அட்டைக்கும் உண்டு. ஆக, மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவர் கட்டணம் குறைவு என்று புதுக் கார்டு எடுத்தால், மிச்சம் பிடித்ததை முதல் வருடமே வரியாகக் கட்டிவிடுவார். வருடா வருடம் போகிறவர், அங்கே பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்திருப்பவர், நகைக்கடைக்குப் போகிறவர், இவர்களுக்குப் புதுக் கார்டு கட்டுப்படியாகும். மற்றவர்கள் கையில் இருப்பதைக் கொண்டு போங்கள்.

25 வெள்ளிக்கா இத்தனை கணக்கு என்று சிரிக்க வேண்டாம். மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆன சனம் நாம். 1960-இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது அப்படித்தான் சேர்ந்தது. அவரும் நம்ம சுங்கை சிப்புட்காரர்.

சரி, கார்டைத் தேர்ந்தெடுத்தாயிற்று. உண்மையில் காசு போகிற இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதை நான் என் கைக்காசைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே.

சில வருடங்களுக்கு முன் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை. மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்து முடித்து, கல்லாவுக்கு வந்தோம். கல்லாவில் இருந்த பையன் கார்டைச் செருகினான். மெஷின் ஒரு நொடி யோசித்தது. "சார், ரூபாய்ல போடவா, ரிங்கிட்ல போடவா? ரிங்கிட்ல போட்டா எவ்வளவுன்னு இப்பவே தெரிஞ்சுடும்." ரொம்ப மரியாதையாகக் கேட்டான். பின்னால் வரிசை. மனைவி நான்கு பைகளோடு நிற்கிறார். நம்ம ஊர்க் காசுதானே, புரிகிற கணக்காக இருக்கட்டும் என்று ரிங்கிட் என்றேன்.

அங்கேதான் விழுந்தேன். ரிங்கிட் என்று சொன்ன அந்த நிமிடத்தில் காசை மாற்றும் வேலை என் கார்டின் கையைவிட்டு, கடையின் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ரூபாயில் போட்டிருந்தால் விசாவோ மாஸ்டர்கார்டோ தன் விலையில் மாற்றியிருக்கும். அது சந்தை விலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். மெஷின்காரர் வைப்பது அவர் விலை. 20 ரூபாய்க்குப் பதில் 19 ரூபாய்க்கு ஒரு வெள்ளி என்று போட்டால், அதே 40,000 ரூபாய்ச் சேலை 2,000 வெள்ளியிலிருந்து 2,105 ஆகிவிடும். இதற்கும் மேலே, வெளிநாட்டில் நடந்த ரிங்கிட் கணக்கு என்று 1 விழுக்காடு பிடிக்கும் வங்கிகளும் நம் ஊரில் உண்டு. அது இன்னொரு 21 வெள்ளி.

பார்த்தீர்களா? நல்ல கார்டுக்கும் சுமாரான கார்டுக்கும் நடுவில் 25 வெள்ளிதான். ஒரு பட்டனைத் தவறாக அமுக்கினால் நூற்றுக்கும் மேலே. அக்காவிடம் மூன்று தடவை சொல்ல வைத்தேன். எங்கே கேட்டாலும் ரூபாய். ஹோட்டலில் கேட்டாலும் ரூபாய். சில இடத்தில் கேட்காமலே ரிங்கிட்டில் போட்டுவிடுவார்கள். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன், ரகசிய எண் அடிப்பதற்கு முன், திரையைப் பாருங்கள். சீட்டு வந்த பிறகுதான் கவனித்தீர்கள் என்றால், கடையைவிட்டு வெளியே வராதீர்கள். அந்தக் கணக்கை ரத்து செய்து ரூபாயில் மறுபடி போடச் சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

ஏடிஎம் மெஷினும் இதே கேள்வியைக் கேட்கும், கொஞ்சம் சுற்றி வளைத்து. மாற்று விகிதத்தைக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கும். வேண்டாம் என்று அமுக்கினாலும் பணம் வரும். பயப்படாதீர்கள்.

ஏடிஎம் என்றதும் இன்னொன்று. கடன் பற்று அட்டையைப் போட்டு ரொக்கம் எடுக்காதீர்கள். 5 விழுக்காடு கட்டணம், அதற்குமேல் எடுத்த நாளிலிருந்தே 18 விழுக்காடு வட்டி. ரொக்கத்துக்கு டெபிட் கார்டு. அதில் விசா அல்லது மாஸ்டர்கார்டு முத்திரை இருக்க வேண்டும். நம் நாட்டுக்குள் ஓடும் மைடெபிட் முத்திரை மட்டும் இருந்தால் அங்கே வேலைக்கு ஆகாது. கிளம்புவதற்கு முன் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடச் சொல்லி வங்கியில் கேளுங்கள், அல்லது செயலியில் நீங்களே திறந்துவிடுங்கள். எடுக்கிற ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு. ஐந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதைவிட ஒரே தடவை எடுப்பது மேல்.

கார்டின் பின்பக்கத்தில் வங்கியின் தொலைபேசி எண் இருக்கும். கார்டு தொலைந்தால் எண்ணும் சேர்ந்து தொலையும். ஒரு தாளில் எழுதி வேறு பையில் வையுங்கள். மலேசிய சிம்மைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள், வங்கி குறுஞ்செய்தி அனுப்பினால் அதில்தான் வரும். துணை அட்டைக்கு ஒப்புதல் யார் கைப்பேசிக்கு வரும் என்பதையும் முன்னாடியே கேட்டு வையுங்கள்.

திரும்பி வந்த பிறகு? மூணு அஞ்சு புத்தகம் நினைவிருக்கிறதா? அட்டையில் 555 என்று போட்ட சின்னப் புத்தகம். தோட்டத்து மளிகைக் கடையில் ஒன்று, நம் வீட்டில் ஒன்று. சம்பளத்தன்று அம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்ட பிறகுதான் முந்தானை முடிச்சை அவிழ்ப்பார். கார்டு பில்லும் அதே புத்தகம்தான். சீட்டுகளை வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள், முழுசாகக் கட்டிவிடுங்கள். குறைந்தபட்சம் 5 விழுக்காடு கட்டினால் போதும் என்று பில்லில் இருக்கும். 4,000 வெள்ளிச் செலவுக்கு 200 கட்டிவிட்டு உட்கார்ந்தால், 18 விழுக்காட்டில் மாதம் 57 வெள்ளி வட்டி. கடைக்காரர் அப்படிக் கேட்டிருந்தால் அம்மா புத்தகத்தை அவர் முகத்திலேயே வீசியிருப்பார்.

எல்லாம் கேட்டுவிட்டு அக்கா கேட்டார்: "உண்டியல்ல கார்டு போட முடியாதே தம்பி?"

முடியாது. பூக்காரி, ஆட்டோ, கோயில் வாசல் செருப்புக் காவல், எதற்கும் ரொக்கம்தான். டீக்கடையில்கூட கியூஆர் தொங்கும், ஆனால் அது பெரும்பாலும் அந்த ஊர் வங்கிக் கணக்குக்கு. நம் கார்டு அதனோடு பேசாது. அதனால் ரூபாய் கையில் இருக்கட்டும். ஆனால் மிச்சம் வந்தால் திரும்பும்போதே செலவழித்துவிடுங்கள், இல்லை மாற்றிவிடுங்கள்.

எங்கள் அம்மா அப்படிச் செய்யவில்லை. அடுத்த தடவை போகும்போது ஆகும் என்று மைலோ டின்னில் ஏழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை வைத்திருந்தார். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு அந்த நோட்டுகள் செல்லாது என்று இந்திய அரசாங்கம் அறிவித்தது. டின் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அக்காவுக்குத் திறந்து காட்டினேன். ஒரு நோட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காந்தி மட்டும் இன்னும் சிரிச்சுக்கிட்டேதான் இருக்காரு தம்பி" என்றார்.

வணக்கம்.