கொசுவின் பத்து நாளும் நோயாளியின் பதினான்கு நாளும்

நேயர்களுக்கு வணக்கம்.

மேட்டூர் திறந்து கடைமடை வரை வாய்க்கால் நிறைந்ததும், "வயலெல்லாம் தண்ணி நிக்குது, இனி மலேரியா வந்துடும்" என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. எல்லாத் தண்ணீரும் மலேரியாவைக் கொண்டுவராது. எந்தத் தண்ணீர் ஆபத்து என்பதை ஆராய்ந்து சொன்னதே நம் டெல்டாதான்.

மேட்டூர் அணை 1934ல் முடிந்தது. கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் புதிய பாசனம் போனது, கூடவே குளிர்காய்ச்சலும் போனது. 1930களின் பிற்பகுதியில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் பட்டுக்கோட்டையில் களநிலையம் வைத்து ஆராய்ந்தார். அவரோடு டி. ராமச்சந்திர ராவும் வேலை செய்தார். கிராமப்புறத்தில் மலேரியா பரப்பும் கொசு அனோபிலிஸ் குலிசிபேசிஸ். நடவு முடிந்த புது வயலில் இது முட்டையிடும். பயிர் ஓரடி உயரம் தாண்டிவிட்டால் அந்த வயலை விட்டுவிடும். நிழல்தான் காரணமோ என்று சோதித்தார்கள். முக்கியக் காரணம் நிழல் இல்லை. இந்தக் கொசு தண்ணீருக்கு மேல் பறந்தபடியே முட்டை போடும், நெருக்கமாக நிற்கும் தாள்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆகவே வளர்ந்த சம்பாப் பயிரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மதகு கசிந்து தேங்கும் தெளிந்த தண்ணீர், கரைக்கும் சாலைக்கும் மண் வெட்டிய பள்ளம், முறைப்பாசனம் நின்றதும் வாய்க்காலில் மிஞ்சும் குட்டை, இவைதான் கவனிக்க வேண்டியவை. பள்ளத்தைத் தூர்க்க முடியாவிட்டால் வெட்டிவிட்டு வடிய விடுங்கள்.

டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி வருவதற்கு முன்பே அந்தப் பகுதியில் இன்னொரு முயற்சியும் நடந்தது. பைரித்ரம் என்னும் பூச்சிமருந்தை மண்ணெண்ணெயில் கலந்து, வீட்டிலும் மாட்டுக்கொட்டகையிலும் தங்கும் கொசுக்களின் மேல் வாரம் ஒருமுறை அடித்தார்கள். ஏன் வாரம் ஒருமுறை? நோயாளியின் ரத்தத்தைக் குடித்த கொசு மறுநாளே நோயைப் பரப்பிவிடாது. கிருமி அதன் வயிற்றுச் சுவரில் வளர்ந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர, நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த நாள்களைக் கொசு உயிரோடு கடக்கக் கூடாது. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் பார்த்தது, அங்கே வளர்ந்துகொண்டிருந்த இந்தக் கிருமியைத்தான்.

நகரங்களில் கதை வேறு. தஞ்சாவூரானாலும் கும்பகோணமானாலும் மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரக்கூடியது அனோபிலிஸ் ஸ்டெபன்சி. தொட்டிக்கு மூடி இருக்கும், ஆனால் குழாய் நுழையும் ஓட்டையும் வழிந்தோடும் குழாயின் வாயும் திறந்தே கிடக்கும். அங்கே கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்டினால் போதும்.

இனி மருந்து. மலேரியா மாத்திரைக்கு இரண்டு வேலை. ஒன்று, நோயாளியின் காய்ச்சலை இறக்குவது. மற்றொன்று, அவரிடமிருந்து கொசுவுக்குக் கிருமி போகாமல் தடுப்பது. முதல் வேலை முடிந்ததுமே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மலேரியா ஒழிப்பு வழுக்குவது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

கொசுவுக்குத் தொற்றுவது கேமிட்டோசைட் என்னும் பாலின வடிவம் மட்டுமே. மலேரியாவின் இரண்டு முக்கிய வகைகளில் ஒன்றான வைவாக்ஸில் அது காய்ச்சல் தொடங்கும்போதே ரத்தத்தில் இருக்கும். நாலு நாள் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருந்தால் நாலு ராத்திரியும் கொசுவுக்குக் கிருமியைக் கொடுத்ததாக ஆகும். மற்றொன்றான ஃபால்சிபாரத்தில் அது முதிரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதனால் சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் அது உருவாகாமலே தடுக்கலாம்.

வைவாக்ஸுக்குக் குளோரோகுயின், மூன்று நாள். பெரியவர்களுக்கு 150 மில்லிகிராம் பேஸ் (உப்பு நீங்கலான மருந்தளவு) உள்ள மாத்திரை நான்கு, நான்கு, இரண்டு, குழந்தைகளுக்கு எடைக்கேற்ப. இது ரத்தத்தில் உள்ளதைத்தான் அழிக்கும். கல்லீரலில் உறங்கும் கிருமியைத் தொடாது. அதற்குத்தான் பிரைமாகுயின், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம், பதினான்கு நாள், சாப்பாட்டுக்குப் பிறகு. ஐந்தாம் நாள் உடம்பு நன்றாகவே இருக்கும், வயலுக்கும் போய்விடுவார்கள். ஒன்பது நாள் மாத்திரை மிச்சம் கிடக்கும். சில மாதம் கழித்து அதே காய்ச்சல், புதுக்கொசு எதுவும் கடிக்காமலே திரும்பி வரும். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் பிரைமாகுயின் கூடாது. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கட்டன்காபி நிறத்தில் போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் வகை மருந்தும் துணை மருந்தும் சேர்ந்த கூட்டுச்சிகிச்சை. இதில் ஆர்ட்டிமிசினின், சீன விஞ்ஞானி து யூயூ கண்டறிந்த மருந்து. 2015ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்து மிக வேகமாக வேலை செய்யும், சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். எஞ்சிய கிருமியை நிதானமாக முடிப்பது துணை மருந்தின் வேலை. துணை தளர்ந்தால் கூட்டே தோற்கும். வடகிழக்கு மாநிலங்களில் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் துணை பலனிழந்ததால் 2013ல் அங்கே லூமிஃபான்ட்ரின் சேர்ந்த கூட்டுக்கு மாறினார்கள். முதிர்ந்த கேமிட்டோசைட்டைக் கொல்ல ஒரே ஒரு வேளை பிரைமாகுயினும் தருவார்கள். அது ஊருக்காகத் தரும் மருந்து.

இத்தனைக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை. ஒரே கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்தின் கனத்த பூச்சு ஒன்று, மெல்லிய பூச்சு ஒன்று. ஈரமாக இருக்கும்போதே கனத்த பூச்சின் அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியவே இல்லையென்றால் கனம் அதிகம், சாயம் ஏற்றும்போது உரிந்துவிடும். அவசரத்தில் விளக்கில் காட்டி உலர்த்தக் கூடாது. சூட்டில் ரத்தம் இறுகி, அதன் சிவப்பு நிறமி கரையாமல் கிருமியை மறைத்துவிடும். திறந்துவைத்தால் எறும்பும் கரப்பானும் பூச்சைத் தின்றுவிடும். உடனடி அட்டைப் பரிசோதனையும் உண்டு. ஆனால் ஃபால்சிபாரம் குணமான பிறகும் சில வாரங்களுக்கு அந்த அட்டை "உண்டு" என்றே காட்டலாம். குணமாயிற்றா என்று பார்க்க ஸ்லைடுதான் வேண்டும்.

கோடியக்கரைக்கு எதிரே உள்ள இலங்கை, மலேரியா இல்லாத நாடு என்று 2016ல் உலக சுகாதார அமைப்பிடம் சான்று பெற்றது. அதன் பிறகு அங்கே மன்னாரில் ஸ்டெபன்சி கொசு கண்டுபிடிக்கப்பட்டது. கொசு எங்கும் உண்டு, கிருமி மட்டும் வந்து சேரக் கூடாது. நம் டெல்டாவுக்கு நடவுக்கும் கட்டட வேலைக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள், நம் பிள்ளைகளும் வெளியூர் போய்வருகிறார்கள். காய்ச்சல் என்றால் எந்த ஊரிலிருந்து வந்தவரானாலும் முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்லைடு எடுக்கச் சொல்லுங்கள். கடந்த ஒரு வருடத்தில் எங்கே தங்கினீர்கள், முன்பு மலேரியா வந்ததா, பிரைமாகுயினை எத்தனையாவது நாளில் நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

வணக்கம்.