பத்தொன்பது வயதுக்குப் பிறகு யார்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, மட்டக்களப்புச் சபையோரே, வணக்கம்.

ஒரு வீரரை உச்சத்துக்குக் கொண்டு சேர்ப்பது பெரிதும் சொந்த உழைப்பா, பிறர் காசும் பொருளும் கொடுத்துத் தாங்கும் அனுசரணையா என்பது இன்றைய தலைப்பு. அனுசரணையே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி பாகிஸ்தானின் அர்ஷத் நதீமைக் கொண்டுவந்து நிறுத்தினார். "பழுதான ஈட்டியோடு பயிற்சி செய்தவர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அவருக்குப் பின்னால் எந்தக் கம்பனி நின்றது?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். சரி, அங்கிருந்தே தொடங்குவோம்.

2024 மார்ச்சில் நதீம் அப்படிச் சொன்னது உண்மைதான். சர்வதேசத் தரத்தில் தன்னிடம் இருப்பது ஒரே ஈட்டி, ஏழெட்டு வருடமாக எறிந்து அதுவும் பழுதாகிவிட்டது என்றார். ஐந்து மாதத்தில் பாரிஸில் 92.97 மீற்றர் எறிந்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். ஆனால் தம்பி, அவருடைய தகப்பன் சொன்னதையும் நீங்கள் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் வெளியூர்ப் பயிற்சிக்கும் போட்டிக்கும் மகன் போய்வர ஊராரும் உறவினரும் காசு சேர்த்துக் கொடுத்தார்கள் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். அப்புறம் அந்த நாட்டின் நீர், மின்சார அதிகாரசபையான வாப்டா அவரைத் தன் விளையாட்டு அணியில் எடுத்துக்கொண்டது. கட்டட வேலையை நம்பி வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை ஈட்டியைக் கீழே வைக்காமல் இருந்தது இந்தக் கைகளால்தான். சட்டையில் பெயர் அச்சடிக்கவில்லை என்பதற்காக அந்த ஊராரை அனுசரணையாளர் இல்லை என்று சொல்வீர்களா?

இன்னொன்றைக் கவனியுங்கள். பாரிஸில் நதீமுக்கு வயது 27. நம் நாட்டின் யுபுன் அபேகோன் 2022 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, பத்து செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியர் ஆனார். அப்போது அவருக்கும் 27. அதற்காக அவர் இத்தாலியில் தங்கிப் பயிற்சி பெற்றவர். நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பாடசாலையை விட்டு இறங்குவது பத்தொன்பது வயதில். இடையில் இருக்கும் அந்த எட்டு வருடத்துக்கு யார் சோறு போடுவது? என் கட்சியின் முழு வாதமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பாடசாலைக் காலத்தில் நம் பிள்ளைகளிடம் உழைப்புக்குக் குறைவே இல்லை. மாகாண மட்டத்தில் வெல்கிறார்கள், தேசிய மட்டத்துக்குப் போகிறார்கள், சான்றிதழை வீட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். அதற்கடுத்த வருடம் அந்தப் பிள்ளை எங்கே? ஒருவன் கட்டாரில். ஒருவன் மேசனுக்குக் கையாளாக. பெண் பிள்ளை ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில். "ஓடினது காணும் மனே, மறுகா வீட்டை ஆர் பார்க்கிற?" என்று கேட்கிற தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல விதைநெல் போட்டும், குடலைப் பருவத்தில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வராவிட்டால் என்ன நடக்கும் என்று படுவான்கரை விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள்.

இலங்கையில் அந்த எட்டு வருடத்தைப் பெரும்பாலும் கொடுப்பவை இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள். மாதச் சம்பளம், சாப்பாடு, பயிற்றுவிப்பாளர் எல்லாம் அங்கே கிடைக்கின்றன. நம் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளில் அந்த வழியால் போனவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று இந்தச் சபைக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே வேறு ஊர்களை விட நமக்குத்தான் அனுசரணை அதிகம் தேவை.

விளையாட்டுப் பொருட்களின் கதைக்கு வருவோம். கோலூன்றிப் பாய்கிறவருக்கு ஒரு கோல் போதாது. திறமை கூடக்கூட இன்னும் நீளமான, இன்னும் விறைப்பான கோலுக்கு மாற வேண்டும். பழைய கோலை வைத்துக்கொண்டு எவ்வளவு வியர்வை சிந்தினாலும் ஒரு கட்டத்தில் உயரம் நின்றுவிடும். 2021 மே மாதம் சிம்பாப்வே கிரிக்கெட் வீரர் ரயன் பேர்ல், கிழிந்த சப்பாத்தின் படத்தைப் பசையோடு சமூக ஊடகத்தில் போட்டு, ஒவ்வொரு தொடர் முடிந்தும் இதை ஒட்டாமல் இருக்க ஓர் அனுசரணையாளர் கிடைப்பாரா என்று கேட்டார். சர்வதேச அணியில் ஆடுகிறவரின் நிலை அது! பூமா நிறுவனம் உடனே முன்வந்தது. அடுத்த வருடம் அவுஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் அதே பேர்ல் 10 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். சப்பாத்துத்தான் விக்கெட் எடுத்தது என்று நான் சொல்லவில்லை. திறமை அவருடையது. அந்தத் திறமை பசை டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்கிறேன்.

எதிரணித் தலைவி அக்கா, அனுசரணையாளர் இலாபத்துக்கு வருகிறவர், கஷ்டத்தில் கைவிடுவார் என்றீர்கள். அமெரிக்க ஓட்ட வீராங்கனை அலிசன் பீலிக்ஸைச் சொன்னீர்கள். ஆம், தாயாகும் காலத்தில் நைக்கி தன் அனுசரணைத் தொகையை 70 சதவீதம் குறைத்துத் தர முன்வந்ததாக 2019இல் அவர் வெளிப்படையாக எழுதினார். எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். எதிர்ப்புக் கிளம்ப, அதே வருடம் நைக்கி தாய்மை தொடர்பான ஒப்பந்த விதியை மாற்றியது. பீலிக்ஸும் அனுசரணையே வேண்டாம் என்று ஒதுங்கவில்லை. அத்லெட்டா என்ற வேறு நிறுவனத்தோடு கைகோத்தார், அப்புறம் சொந்தமாகச் சப்பாத்து நிறுவனமே தொடங்கி, அந்தச் சப்பாத்தோடு டோக்கியோவில் ஓடிப் பதக்கம் வென்றார். கெட்ட ஒப்பந்தத்துக்கு மருந்து நல்ல ஒப்பந்தம். காயம்பட்டால் என்ன, பிள்ளை பெற்றால் என்ன என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும்.

அனுசரணை நமக்குப் புதிதும் இல்லை. நம் நகர மைதானம் வெபர் அடிகளார் பெயரில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளின் விளையாட்டுக்காக உழைத்தவர். அந்தப் பிள்ளைகள் ஓடினார்கள்தான். ஓட இடம் அமைத்துக் கொடுக்க ஒருவர் இருந்தார்.

இன்றும் நம் ஊரில் காசு இல்லாமல் இல்லை. வெளிநாட்டு உறவுகள் அனுப்புகிறார்கள், கடைக்காரர்கள் கொடுக்கிறார்கள். அது ஒருநாள் சுற்றுப்போட்டிக்குக் கிண்ணமாகவும் சீருடையாகவும் ஒலிபெருக்கியாகவும் அன்றைக்கே முடிந்துவிடுகிறது. அதில் பாதியை ஒரே ஒரு பிள்ளைக்கு, மாதாமாதம், எட்டு வருடத்துக்குக் கொடுங்கள் என்கிறேன். சத்தான சாப்பாடு, பஸ் காசு, காயத்துக்கு வைத்தியம், வீட்டுக்கு ஒரு தொகை. பதக்கம் வாங்கிய பிறகு மாலை போடத் தேவையில்லை, அதற்கு ஆள் நிறைய உண்டு.

நடுவர் ஐயா, உழைக்கத் தயாராக இருந்தும் கட்டாருக்கு விமானம் ஏறிய அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி.