முகம் மட்டும் பிசகக் கூடாது

(திரையில்: பட்டுச் சுருளில் ஆளுயர ஓவியம். நாற்காலியில் ஒரு முதியவர்.)

இவர் சிரிக்கவில்லை, திரும்பவில்லை. கைகள்கூட அங்கியின் நீளக் கைக்குள் மறைந்திருக்கின்றன. சீனாவில் மிங், சிங் அரசர்கள் ஆண்ட காலத்தில், அதாவது 1368-க்கும் 1912-க்கும் இடையில், வசதியான குடும்பங்கள் முன்னோரை இப்படித்தான் வரைந்து வைத்தன. ஆனால் இது சுவர் அலங்காரம் இல்லை. பெரும்பாலான நாட்கள் சுருட்டியே இருக்கும். புத்தாண்டு வந்தால் வெளியே எடுத்து மாட்டுவார்கள். எதிரில் உணவு படைத்து, ஊதுபத்தி ஏற்றி, பிள்ளைகள் விழுந்து கும்பிடுவார்கள். கும்பிடுகிறவர்களை அவர் நேருக்கு நேர் பார்க்க வேண்டாமா? அதனால்தான் இந்த நேர்ப்பார்வை.

(திரையில்: முகம், மிக அருகில்.)

சரி, பல படங்கள் ஆள் இறந்த பிறகு வரையப்பட்டவை. ஆனால் கண் திறந்திருக்கிறதே, எப்படி? ஓவியர் உடலை வந்து பார்ப்பார். அப்புறம் மூக்கு, கண், தாடை மாதிரிகள் வரைந்த ஏட்டை விரித்து, "அப்பாவுக்கு இதில் எந்த மூக்கு?" என்று குடும்பத்தாரைக் கேட்பார். அடையாளம் கேட்டுக் கேட்டுப் போலீஸ் ஓவியர் படம் வரைகிறாரே, கிட்டத்தட்ட அதே வேலைதான்!

முகம் பிசகிவிடுமோ என்ற இந்தக் கவலை பழையது. 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் செங் யி, வழிபாட்டுக்குப் படமே வேண்டாம் என்றார். ஒரு முடி மாறினாலும் அது வேறு ஆள். யாரோ ஒருவரைக் கும்பிட்டதாகிவிடும் என்பது அவர் வாதம். மக்கள் படத்தை விடவில்லை. முகத்தில்தான் கவனத்தைக் கூட்டினார்கள்.

(திரையில்: மார்பில் சதுரத் துணி, அதில் ஒரு கொக்கு.)

முகத்தைக் கைதேர்ந்த ஓவியர் வரைவார். உடையையும் நாற்காலியையும் பட்டறை உதவியாளர்கள் வழக்கமான அச்சில் முடித்துவிடுவார்கள். மார்புச் சதுரத்தில் பறவை என்றால் சிவில் அதிகாரி, விலங்கு என்றால் படை அதிகாரி. கொக்கு, சிவிலில் முதல் நிலை, அதாவது மிக உயர்ந்த பதவி. இதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வாழ்ந்தபோது கிடைக்காத பதவியைப் படத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஸ்டுடியோவில் இரவல் கோட்டு மாட்டிப் படம் எடுத்துக்கொள்வது மாதிரி. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

ஓவியர் பெயர்? அநேகமாக எதிலும் இருக்காது. இது கும்பிடும் படம், கையெழுத்துப் போட இடமில்லை.

(திரையில்: இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் படம்.)

அப்புறம் கேமரா வந்தது. புகைப்படத்தைப் பார்த்தே முகம் வரையத் தொடங்கினார்கள். இந்தப் படத்தைப் பாருங்கள். அங்கியும் நாற்காலியும் தட்டையாக, பழைய அச்சிலேயே இருக்கின்றன. கன்னத்தில் மட்டும் ஸ்டுடியோ விளக்கின் நிழல்.