ஒண்ணரைக் கட்டையில் ஒரு கிட்டார்

நேயர்களுக்கு வணக்கம். ராக் இசை என்று சொன்னதுமே உங்களில் பாதிப் பேர் ரேடியோ சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், நான் எதையும் போட்டுக் காட்டப்போவதில்லை, பேசத்தான் போகிறேன். பகலில் மதுரையில் ஒரு எவர்சில்வர் பட்டறையில் தகட்டை அழுத்தி வடிவமாக்குகிற பிரஸ் மிஷின், ராத்திரி காதுகுத்து, கல்யாணம், முளைப்பாரித் திருவிழா என்று லைட் மியூசிக் மேடையில் கிட்டார், இப்படி இரண்டு பிழைப்பும் பார்த்தவன் நான். இந்த இரண்டும் ஒரே ஆளின் கையில் வந்து முட்டிக்கொண்ட கதை என்றால் அது டோனி அயோமியுடையது. பிளாக் சாபத் என்ற குழுவின் கிட்டார்காரர். ஹெவி மெட்டல் என்று உலகம் முழுக்கப் பையன்கள் தலையை ஆட்டுகிறார்களே, அந்த வகைக்கு மூலவர் என்று பலரும் கைகாட்டுவது இவரைத்தான்.

1948-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தார். இரும்பும் தகரமும் அடித்தே வளர்ந்த ஊர் அது. இத்தாலிய வம்சாவளிக் குடும்பம், ஒரே பிள்ளை, பெற்றோர் ஆஸ்டன் பகுதியில் ஒரு கடை வைத்திருந்தார்கள். பையன் கேட்டது டிரம்ஸ். வீடு தாங்காது என்று அக்கார்டியனை வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம் தான் கிட்டார். ஆள் இடதுகைக்காரர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடதுகைக்காரர் கிட்டாரைத் திருப்பிப் பிடிப்பார், இடது கை மீட்டும், வலது கை விரல்கள் கம்பியை அமுக்கும்.

17 வயதில் ஒரு தகரப் பட்டறையில் வேலை. ஐரோப்பாவுக்குப் போகிற ஒரு குழுவில் இடம் கிடைத்துவிட்டது, வேலையை விட்டாயிற்று, அன்றைக்குக் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிமேல் போகப்போவதில்லை என்கிறார். அம்மா விடவில்லை, எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புகிறார். நம் வீட்டு அம்மாக்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அங்கே போனால், பிரஸ்ஸில் நிற்கிற ஆள் வரவில்லை. இவர் வெல்டிங் பார்க்கிறவர், பழக்கமில்லாத மிஷினில் இவரை நிறுத்திவிட்டார்கள். பிரஸ் வலது கைமேல் இறங்கியது. வெடுக்கென்று கையை இழுத்தார், நடுவிரலும் மோதிரவிரலும் நுனியை அங்கேயே விட்டுவிட்டு வந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரஸ் மிஷினில் நின்றவர்களுக்குத் தெரியும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் இறங்கும் என்று சில மிஷின்களில் வைத்திருப்பார்கள், கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காக. பீஸ் ரேட்டில் வேலை பார்க்கிறவன் ஒரு பட்டனைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவான், மணிக்கு நாலு பீஸ் கூட விழுமே என்று. மேற்பார்வை பார்க்கிறவரும் கண்டும் காணாமல் போவார். விரல் போனவர்கள் எங்கள் வட்டாரத்திலும் உண்டு, டீக்கடையில் கிளாஸ் பிடிக்கிற தினுசிலேயே கண்டுபிடித்துவிடலாம். பழக்கமில்லாத ஆளை மிஷினில் நிறுத்தாதீர்கள். ஆள் வரவில்லையா, மிஷின் சும்மா நிற்கட்டும். இதைப் பட்டறை வைத்திருக்கிற நேயர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது.

சரி, கதைக்கு வருவோம். கிட்டாரை மறந்துவிடு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பையன் முடங்கிக் கிடக்கிறான். அப்போது அந்தப் பட்டறையின் ஃபோர்மேன் வந்து ஒரு இசைத்தட்டைக் கேட்கச் சொல்கிறார். இவருக்கு எரிச்சல், இந்த நேரத்தில் கிட்டாரா என்று. கேட்டபிறகுதான் ஃபோர்மேன் சொல்கிறார், இதை வாசித்தவருக்கு அமுக்குகிற கையில் இரண்டு விரல்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று. வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல் அவர் தங்கியிருந்த கூண்டு வண்டி தீப்பிடித்து இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் சுருண்டுபோயின, மிச்சத்தை வைத்துக்கொண்டே ஐரோப்பிய ஜாஸில் பெரிய பேர் வாங்கினார்.

எல்லாரும் அயோமியின் மனஉறுதி, தன்னம்பிக்கை என்று பேசுவார்கள். எனக்கு அந்த ஃபோர்மேன்மேல்தான் கண். ஆறுதல் சொல்ல வருகிறவன் ஆரஞ்சுப் பழத்தோடு வருவான், இவர் சரியான இசைத்தட்டோடு வந்திருக்கிறார்.

அப்புறம் அயோமி செய்தது சுத்தமான பட்டறை வேலை. பாத்திரம் கழுவுகிற திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கினார், உருண்டையாகப் பிடித்து ஆறவிட்டார். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, விரல் நுழைகிற அளவுக்கு உருண்டையில் குழி போட்டார். கத்தியால் செதுக்கினார், மணிக்கணக்காக உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்தார். போட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்குகிறது. பழைய தோல் ஜாக்கெட் ஒன்றிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். விரலுக்குக் குல்லா தயார். இடதுகைக்காரர்தானே, கையை மாற்றி வாசித்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். பழகிய கையை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க அவருக்கு மனமில்லை.

கம்பியை அமுக்கி அமுக்கி விரல்நுனி காய்த்துப்போவது கிட்டார்காரன் எல்லாருக்கும் உள்ளதுதான். காய்த்தாலும் கம்பி எங்கே இருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். குல்லா போட்ட விரலுக்கு அந்த உணர்வு கிடையாது, காதை நம்பித்தான் வாசிக்க வேண்டும். கம்பி வேறு இறுக்கமாக இருக்கிறது. மெல்லிசான கம்பி அன்றைக்குக் கடையில் இல்லை என்பதால் பாஞ்சோ வாத்தியத்தின் கம்பியை எடுத்துப் பூட்டினார். அதுவும் போதாமல் 1971-ல் வந்த பிளாக் சாபத்தின் மூன்றாவது ஆல்பத்தில் சுருதியையே இறக்கினார். நம் மேடைக் கணக்கில் சொல்கிறேன், பாட்டுக்காரர்களுக்கு உடனே புரியும், மற்றவர்களுக்கு, கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு நாம் சொல்கிற அளவு: கிட்டாரின் தடித்த கம்பி வழக்கமாக மூணு கட்டையில் நிற்கும், இவர் அதை ஒண்ணரைக் கட்டைக்குக் கொண்டுவந்துவிட்டார். கம்பி தொளதொளவென்று ஆனது, விரலுக்குச் சுகம். கூடவே அந்த இடி மாதிரியான கனமும் சத்தத்தில் ஏறிக்கொண்டது. வலிக்காமல் வாசிக்கப் போட்ட வழி, அதற்குப்பின் எத்தனையோ குழுக்கள் விரல் நன்றாக இருந்தும் கம்பியை இறக்கி வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது கர்னாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது, ஒரே நாளில் பதிவு செய்தது. முதல் பாட்டு தொடங்கும்போது மூன்றே சுரம். ஐந்து கட்டையில் சட்ஜம், அடுத்து மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமத்தில், அதாவது 'ம'வின் உயர்ந்த வகையில், ஒரு நடுக்கம். வெள்ளைக்காரர்கள் இந்த இடைவெளியைச் சாத்தானின் சுரம் என்று ஒரு காலத்தில் பேர் வைத்திருந்தார்கள், கேட்டால் பயமாக இருக்கிறதாம். நமக்கு மேளகர்த்தா என்கிற 72 தாய் ராகங்களில் பாதி, 36 ராகம், பிரதி மத்யமத்தில்தான் இருக்கிறது. கல்யாணியைக் கேட்டு யாராவது பயந்திருக்கிறோமா? பயம் சுரத்தில் இல்லை, அதை எவ்வளவு நேரம் நிறுத்துகிறோம், எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அயோமி அந்த மத்யமத்தை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காமல் தொங்கவிட்டார், அவ்வளவுதான் சூட்சுமம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் பற்றி நிறையச் சொல்ல எழுதி வைத்திருந்தேன். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஓஸி ஒரு வகுப்பு கீழே. 1979-ல் குழுவை விட்டு அவரை வெளியே அனுப்பினார்கள், அவர் இடத்தில் பாட ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார், அப்புறம் ஆட்கள் வருவதும் போவதுமாகவே இருந்தது, கடைசிவரை நகராமல் இருந்தவர் அயோமி ஒருவர்தான். 2012-ல் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலேயே வாசித்து அடுத்த வருடம் ஆல்பம் வெளியிட்டார்கள், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம். 2025 ஜூலை 5-ம் தேதி, அவர்கள் வளர்ந்த அதே ஆஸ்டனில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் பழைய நான்கு பேரும் சேர்ந்து கடைசிக் கச்சேரி. ஓஸியால் நிற்க முடியவில்லை, சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். அந்த மாதம் 22-ம் தேதி காலமானார். அயோமி அந்தக் கடைசிக் கச்சேரியிலும் விரல் குல்லா மாட்டிக்கொண்டுதான் வாசித்தார். டிரம்ஸ் வாசித்த பில் வார்டு, பேஸ் வாசித்த கீஸர் பட்லர் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை, இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். வணக்கம்.