கிரைசிஸ் கோர் ரீயூனியன்: 777 விழலைன்னா லெவல் ஏறாதா? | சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, ஃபைனல் ஃபேன்டசி 7 விளையாட்டோட முன்கதையா வந்த கிரைசிஸ் கோர் ரீயூனியன் பத்தி. "கிரைசிஸ் கோர் ரீயூனியன் இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். எவ்வளவு சண்டை போட்டாலும் லெவல் ஏற மாட்டேங்குது, மூணு ஏழு சேர்ந்து விழவே இல்ல. எல்லாம் அதிர்ஷ்டம்தானா? பக்க மிஷன் எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் கதைக்குப் போகணுமா? ஃபைனல் ஃபேன்டசி 7 நான் ஆடினதில்ல, பரவாயில்லையா?"

முதல்ல அந்த ஏழு விஷயம். திரையோட மூலையில முகங்களும் எண்களும் சுத்திக்கிட்டே இருக்கே, டிஎம்டபிள்யூ (டிஜிட்டல் மைண்ட் வேவ்), அதைப் பார்த்தா சூதாட்ட மெஷின் மாதிரிதான் இருக்கும். ஆனா நீங்க ஆடுற நாயகன் ஸாக் லெவல் ஏறுறது முழுசா அதிர்ஷ்டம் இல்லைங்க. எதிரியை அடிச்சு வீழ்த்தினா அனுபவப் புள்ளி வழக்கம்போல சேருது. திரையில காட்ட மாட்டாங்க, அவ்வளவுதான். அது சேரச் சேர 777 விழற வாய்ப்பு கூடிக்கிட்டே போகும். அதனால "எனக்கு ராசி இல்ல"ன்னு அதே சின்ன எதிரிங்களையே அடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. கொஞ்சம் பலமான எதிரிகிட்ட போனா ஏழு தானா விழும்.

இன்னொண்ணு, அது சும்மா சுத்தாது. ஒரு சுத்துக்கு 10 எஸ்பி, அதாவது சோல்ஜர் புள்ளி, போகும். எஸ்பி தீர்ந்துட்டா அது நின்னுடும், லெவலும் கிடையாது, லிமிட் பிரேக்ங்கிற சிறப்புச் சக்தியும் கிடையாது. சண்டையில ஜெயிச்சாதான் எஸ்பி வரும். சண்டையைத் தவிர்த்து ஓடிக்கிட்டே இருக்கிறவங்களுக்கு லெவல் நின்னு போறதுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

இப்ப எண்களைப் பாருங்க. 1-லேருந்து 7 வரைக்கும் இருக்கும். ஏழு ஸாக்குக்கு. மிச்ச ஆறும் நீங்க மாட்டியிருக்கிற மேட்டிரியாவோட, அதாவது மந்திரமும் திறனும் தர்ற உருண்டைங்களோட, இடங்களுக்கு. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே முகம் வந்தா மாடுலேட்டிங் ஃபேஸ்னு ஒரு கட்டம் தொடங்கும். அதுல ரெண்டு மூணு ஒரே எண்ணா விழுந்தா அந்த இடத்துல இருக்கிற மேட்டிரியா லெவல் ஏறும். நடுவுலயும் அதே முகம் வந்துட்டா அந்த ஆளோட லிமிட் பிரேக். ஏரித்னா காயத்தை ஆத்துற ஹீலிங் வேவ், செஃபிராத்னா ஆக்டாஸ்லாஷ், சிஸ்னேன்னா லக்கி ஸ்டார்ஸ்.

2007-ல மூல விளையாட்டு பிஎஸ்பிங்கிற கையடக்கக் கருவிக்கு வந்தப்ப இந்த லிமிட் பிரேக் விழுந்த உடனே தானா நடந்துடும். ஹெச்பி, அதாவது உயிர் அளவு, முழுசா இருக்கும்போது ஏரித் வந்து குணப்படுத்துவாங்க, கடுப்பா இருக்கும். 2022 டிசம்பர்ல வந்த ரீயூனியன்ல அதை மாத்திட்டாங்க. விழுந்ததைக் கையில வெச்சிருந்து, வேணுங்கிற நேரத்துல நீங்களே பட்டனை அழுத்தி விடலாம். நிறைய பேர் விழுந்த உடனே விட்டுடறாங்க. அப்படிப் பண்ணாதீங்க. ரீயூனியன்ல பெரிய எதிரி தன்னோட சிறப்புத் தாக்குதலைத் தயார் பண்ணும்போது ஒரு அளவுகோல் வரும், பார்த்திருப்பீங்க. அதை அடிச்சு அடிச்சு இறக்கணும். எவ்வளவு இறக்குறீங்களோ அவ்வளவு அந்த அடியோட பலம் குறையும், சுழி ஆக்கிட்டா தாக்குதலே ரத்து. கையில ஒரு லிமிட் பிரேக் இருந்தா அதை எடுத்து விட வேண்டிய நேரம் அதுதான்.

இந்தச் சுழல் வெறும் சண்டைக் கருவி மட்டும் இல்ல. அதுல வர்ற முகங்க ஸாக்கோட நினைவுகள். கதை நகர நகர முகங்க மாறும். கடைசிச் சண்டையில அதை வெச்சு ஒரு காரியம் பண்ணியிருக்காங்க, சொல்ல மாட்டேன். விளையாட்டோட விதியை வெச்சே கதை சொல்லணும்னா இப்படித்தான் சொல்லணும்.

மிஷனுக்கு வருவோம். மொத்தம் 300. எல்லாத்தையும் கதைக்கு முன்னாடி முடிக்கணும்னு அவசியமே இல்ல, முடிச்சா கெடுதல்தான். நாலஞ்சு இடத்தையே திருப்பித் திருப்பிக் காட்டுவாங்க, அதே குகை, அதே வெட்டவெளி. பஸ்ஸுல போகும்போது ஒண்ணு ரெண்டு முடிக்கிறதுக்காக, கையடக்கக் கருவிக்காகச் செஞ்சது அது. டிவி முன்னாடி உக்காந்து வரிசையா இருபது ஆடினா சலிச்சுடும். தவிர, அதுல கிடைக்கிற பொருளும் லெவலும் கதையில வர்ற பாஸ் சண்டையையெல்லாம் ரெண்டு அடியில முடிச்சு வெச்சுடும். ஒரு அத்தியாயத்துக்கு அஞ்சாறு மிஷன் போதும். மிஷனோட கஷ்ட அளவை உள்ள போறதுக்கு முன்னாடியே காட்டுவான், அதை நம்புங்க. கடினம்னு போட்டிருந்தா ஒரே அடியில விழுந்துடுவீங்க. மிஷன் இடத்துல சுவரை ஒட்டி நடந்தா பல சண்டைகளைத் தவிர்க்கலாம், ஆனா எஸ்பி பத்திச் சொன்னதை மறந்துடாதீங்க.

ரெண்டு மேட்டிரியாவை ஒண்ணாச் சேர்க்கிற மேட்டிரியா ஃபியூஷன் திறந்ததும் ஹெச்பி கூட்டுறதுலதான் முதல்ல கை வைக்கணும். காரணம், காஸ்ட்லி பஞ்ச்னு ஒரு மேட்டிரியா இருக்கு. உங்க ஹெச்பியில கொஞ்சத்தைத் தின்னுட்டு, அந்த ஹெச்பி அளவை வெச்சே அடிக்கும். ஹெச்பி ஏற ஏற அடியும் ஏறும். சாதாரணமா ஒரு அடிக்கு உச்சம் 9999. அந்த எல்லையை உடைக்கிற பொருளையும் சேர்த்துட்டா 99999. மினெர்வாங்கிற கடைசி மிஷன் பாஸுக்குப் பலரும் இதைத்தான் நம்புறாங்க. ஆனா கதை முடியறதுக்குள்ள இதைச் செஞ்சா சண்டைக்கு ருசியே இருக்காது.

7 ஆடாம ஆரம்பிச்சது பரவாயில்லையான்னு கேட்டீங்க. என்னோட கருத்து, 7-ஐ முதல்ல ஆடுங்க. 1997-ல வந்த அந்த விளையாட்டுல நிபெல்ஹைம்ங்கிற ஊர்ல என்ன நடந்துச்சுன்னு அதோட நாயகன் கிளவுட் ஒரு மாதிரி சொல்வான். அவன் சொல்றதுல என்ன இடிக்குதுங்கிறதுதான் அங்க பாதி ரகசியம். இந்த முன்கதை அதே சம்பவத்தை நேராவே காட்டிடும். முன்னாடியே பார்த்துட்டா அந்தப் புதிர் செத்துப்போச்சு. கிரைசிஸ் கோர்ல வர்ற எதிரி ஜெனிசிஸ் வாய் திறந்தா கவிதைதான், அதைத் தாங்கிக்கிறதுக்கும் அந்த உலகம் முன்னாடியே பிடிச்சிருக்கணும்!

இல்ல, பாதி வந்துட்டேன், நிறுத்த மாட்டேன்னா தொடருங்க. கடைசி அத்தியாயத்துல இறங்குறதுக்கு முன்னாடி சேவ் பாயிண்ட்ல தனியா ஒரு சேவ் வெச்சுக்கோங்க. முடிச்சப்புறம் மிஷன் ஆடணும்னு தோணினா அந்த சேவ்லேருந்து போயிக்கலாம்.