சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் கல்யாணம்

(அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

விசிட்டர் விசாவில் அமெரிக்காவுக்கு வந்த ஒருவர் இங்கேயே கல்யாணம் செய்துகொள்ளலாமா? தாராளமாகச் செய்துகொள்ளலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கல்யாண உரிமம் வாங்கிய பிறகு டெக்சாஸில் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும், நியூயார்க்கில் 24 மணி நேரம், கலிபோர்னியாவில் அன்றைக்கே முடித்துவிடலாம். கோயிலில் நடந்தாலும், மண்டபத்தில் நடந்தாலும், நடத்திவைத்தவர் அந்த உரிமத்தில் கையெழுத்துப் போட்டு, உரிமம் தந்த அலுவலகத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இதை மறந்துவிட்டு வெறும் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு குடியேற்ற அலுவலகத்துக்குப் போகாதீர்கள். அவர்கள் கேட்பது சான்றிதழை.

சரி, கல்யாணம் முடிந்தது. மறுநாள் வீட்டில் ஒரு பேச்சு வரும். "இனிமேல் எதற்குத் திரும்பிப் போக வேண்டும்? இங்கேயே இருந்து கிரீன் கார்டுக்குப் போட்டுவிடலாமே." சிக்கல் பிறக்கும் இடம் இதுதான். யாரைக் கட்டிக்கொண்டீர்கள் என்பதோடு அரசு நின்றுவிடாது. உள்ளே வந்த அன்று உங்கள் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்கும். இன்று நான் பேசப்போவதில் பாதிக்கு மேல் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். நான் வழக்கறிஞர் இல்லை. குடியேற்ற நேர்காணல்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தவன். அந்த மேசையில் எது பெரிதாகிறது, எது கண்டுகொள்ளப்படாமல் போகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற அளவில் பேசுகிறேன்.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. விசா மறுக்கப்பட்ட நம்மவர்களுக்கு இந்த எண் மனப்பாடம். விசிட்டர் விசா கேட்டு வரும் ஒவ்வொருவரும் இங்கே தங்கிவிடத்தான் வருகிறார் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை, திரும்பிப் போவேன் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. காட்டித்தான் விசா வாங்குகிறீர்கள். அந்த விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160-இல், அமெரிக்காவில் உங்களுக்கு நெருங்கிய உறவினர் இருக்கிறாரா என்று ஒரு கேள்வி உண்டு. கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்ற வரிசையில், நிச்சயம் செய்துகொண்டவரையும் சேர்த்தே கேட்கிறார்கள். நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. ஏஜென்ட் நிரப்பினார், நான் படித்துப் பார்க்கவில்லை என்பார்கள். படிவத்துக்குக் கீழே இருப்பது உங்கள் ஒப்புதல். தட்டு மாற்றிக்கொண்ட பிறகு அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருந்தால், அது பொய்யான தகவல் என்றே பதிவாகும்.

அடுத்து விமான நிலையம். ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பெண் அப்பா அம்மாவோடு வருகிறாள். எதற்காக வந்தீர்கள் என்று அதிகாரி கேட்கிறார். அண்ணன் வீட்டைப் பார்க்க, இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவோம் என்கிறாள். சந்தேகம் வந்து உள்ளறைக்கு அழைத்துப் போகிறார்கள். பெட்டியைத் திறந்தால் மேலேயே கூறைப்புடவை, மஞ்சள் தடவிய அழைப்பிதழ் கட்டு, பள்ளி கல்லூரிச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகள் மொத்தமும். கைப்பேசியைக் கேட்கிறார்கள், அதைப் பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. "அங்கே போனதும் வேலையைப் பார்த்துக்கலாம், திரும்பி வர வேண்டாம்" என்று குடும்பக் குழுவில் பெரியப்பா எழுதியிருக்கிறார். விசா ரத்தாகி அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டியதுதான். விரைவு வெளியேற்ற ஆணை போட்டுவிட்டால் 5 ஆண்டுகளுக்கு உள்ளே வர முடியாது. அந்தப் பெண் கல்யாணத்துக்கு வந்தது தப்பில்லை. இங்கே கல்யாணம் முடித்துவிட்டுத் திரும்பிப் போகிறேன் என்று உண்மையாகவே வருபவரை விசிட்டராகவே அனுமதிக்கலாம். ஆனால் அவள் சொன்னது வேறு.

இப்போது இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் 90 நாள் விஷயம். வெளியுறவுத் துறையின் கையேட்டில் 2017 செப்டம்பரில் வந்த விதி அது. உள்ளே வந்த 90 நாட்களுக்குள் ஒருவர் அமெரிக்கக் குடிமகனையோ கிரீன் கார்டு உள்ளவரையோ மணந்து இங்கேயே குடித்தனம் வைத்துவிட்டால், வரும்போதே பொய் சொன்னார் என்று தூதரக அதிகாரி அனுமானிக்கலாம். இதைக் கேட்டுவிட்டு, "91-ஆவது நாள் முகூர்த்தம் வைத்தால் போதும்" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. 90 நாள் தாண்டினால் அனுமானம்தான் போகிறது, கேள்வி போகவில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய ரசீது நீங்கள் விமானம் ஏறுவதற்கு முந்தைய தேதியில் இருந்தால் 200 நாள் கழித்துக் கட்டினாலும் அது ஆதாரம்தான். அப்புறம், இங்கே கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் பார்க்கும் குடியேற்றச் சேவைத் துறை அந்த 90 நாள் விதிக்குக் கட்டுப்பட்டதும் இல்லை. அவர்கள் முழுக் கதையையும் பார்ப்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மனத்தில் ஒரு எண்ணம் இருந்தது என்பது ஒன்று. வாயால் பொய் சொன்னது என்பது வேறு. 1980-லும் 1981-லும் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் இரண்டு தீர்ப்புகள் கொடுத்தது. அமெரிக்கக் குடிமகனின் கணவனோ மனைவியோ விண்ணப்பிக்கும்போது, தங்கும் எண்ணத்தோடு வந்தார் என்ற ஒரே காரணத்துக்காகப் பொதுவாக மறுக்க வேண்டியதில்லை, குடும்ப உறவுக்கு அதைவிட அதிக எடை உண்டு என்பது அவற்றின் சாரம். ஆனால் அதிகாரி நேராகக் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் அது தவறான தகவல் தந்த குற்றச்சாட்டு. அதற்கான தடை வாழ்நாள் முழுக்க. விலக்குக் கேட்கலாம், ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள துணைக்கு அல்லது பெற்றோருக்கு மிகக் கடுமையான துன்பம் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளைகள் படும் துன்பத்தை அந்தக் கணக்கில் நேரடியாகச் சேர்க்க மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், விமான நிலையத்தில் பாட்டி சொல்லிக்கொடுத்த பதிலைச் சொல்லாதீர்கள், உண்மையைச் சொல்லுங்கள். மனம் மாறுவது குற்றமே இல்லை. இங்கே வந்த பிறகு ஒருவரைப் பார்த்துப் பழகிப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்கிறவர்கள் எவ்வளவோ பேர். அவர்கள் நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும்.

யாரைக் கட்டிக்கொண்டீர்கள் என்பது அடுத்ததாக வருகிறது. இதில் சட்டம் மூன்று விதமாகப் பேசும். துணை அமெரிக்கக் குடிமகன் என்றால் வழி அகலம். முறையாகச் சோதனை முடிந்து உள்ளே வந்தவர் என்றால், தங்கும் கெடு தாண்டியிருந்தாலும் துணை போடும் உறவு மனுவான ஐ-130, நீங்கள் போடும் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 இரண்டையும் இங்கிருந்தே சேர்த்துப் போடலாம். துணையிடம் இருப்பது கிரீன் கார்டு மட்டும் என்றால் கதை வேறு. அது கிரீன் கார்டு உள்ளவர்களின் துணைகள் காத்திருக்கும் எஃப்2ஏ என்னும் வரிசை. தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் காலம் முழுக்கச் சட்டப்படியான நிலையில் இருக்க வேண்டும். விசிட்டர் கெடு ஆறு மாதத்தில் முடிந்துவிடும், வரிசை அதற்குள் நகரும் என்று நம்பியிருக்க முடியாது. நம்மில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 'அவருக்குக் கிரீன் கார்டு இருக்கிறதே' என்ற தைரியத்தில் கெடுவைத் தாண்டிவிடுவார்கள். மூன்றாவது, துணை எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவர். அப்போது உங்கள் வருகைப் பதிவான ஐ-94-இல் உள்ள கெடு முடிவதற்குள், எச்-1பி உள்ளவரின் துணைக்கான எச்-4 நிலைக்கு மாறக் கேட்கலாம். இல்லாவிட்டால் ஊருக்குப் போய் எச்-4 விசா முத்திரை வாங்கி வரலாம். பெரும்பாலும் இரண்டாவதே நிம்மதியான வழி என்பது என் எண்ணம்.

சிங்கப்பூர், பிரிட்டன், பிரான்ஸ் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. விசாவே இல்லாமல் எஸ்டா அனுமதியில் வருகிறீர்கள். 90 நாள்தான், நீட்டிப்பு கிடையாது. அந்த அனுமதியோடு, நாட்டைவிட்டு அனுப்பினால் எதிர்த்து வழக்காடும் உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறீர்கள். கெடு தாண்டினால் உங்கள் நிலை விசாவில் வந்தவரைவிட மோசம்.

கெடு என்று சொன்னேனே, அதைக் கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவில் தேடாதீர்கள். அதில் பத்து வருடம் என்று இருக்கும். அது கதவைத் தட்டும் அனுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்பது ஐ-94-இல் இருக்கிறது, பொதுவாக ஆறு மாதம். சுங்க, எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில் கடவுச்சீட்டு எண்ணைப் போட்டு இன்று இரவே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியை ஒரு நாள் தாண்டினாலும், எந்த விசாவில் வந்தீர்களோ அந்தப் பத்து வருட விசா செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் தாண்டி இருந்துவிட்டு வெளியேறினால் 3 ஆண்டுத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு. 1996-இல் வந்த சட்டம் இது.

இந்தத் தடை வெளியேறும்போதுதான் விழுகிறது என்பதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கெடுவை ஒரு வருடத்துக்கு மேல் தாண்டியவருக்குக் குடிமகனான கணவன் இருக்கிறான், இங்கேயே விண்ணப்பித்தால் பிழைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வரும். அழுதுகொண்டே டிக்கெட் எடுப்பார். விமானம் ஏறிய நொடியில் பத்து ஆண்டு. விண்ணப்பம் போட்டவர்களுக்கும் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது, முன்கூட்டியே பயண அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அவசரத்துக்கு அந்த அனுமதியை விரைவாகக் கேட்க வழி உண்டு. முதலில் அதைக் கேளுங்கள், பிறகு பெட்டி கட்டுங்கள். ஒரு மகளிடம் 'அப்பாவைப் பார்க்கப் போகாதே' என்று சொல்ல வேண்டிவருவதைப்போலக் கொடுமை இந்த வேலையில் வேறில்லை. விண்ணப்பம் போடும் அன்றே பயண அனுமதிக்கும் வேலை அனுமதிக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். வேலை அனுமதி கையில் வரும்வரை மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருவதுகூட வேண்டாம்.

நேர்காணல் பற்றிச் சுருக்கமாக. கல்யாணம் உண்மையானதா என்று பார்க்கத்தான் அது. கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயர், காப்பீடு, வரிக் கணக்கு, இதெல்லாம் கொண்டுபோங்கள். சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனி அறையில் வைத்துக் கேட்பார்கள். கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பீர்கள், நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்றெல்லாம் கேள்வி வரும். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில், ஒரு மாதம் பழகிய பெண்ணுக்குக் கணவனின் சம்பளம் தெரியாமல் இருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர்களுக்குச் சிக்கல் வந்து நான் பார்த்ததில்லை. யூகித்துச் சொன்னவர்கள்தான் திணறினார்கள். பணத்துக்காகப் போலிக் கல்யாணம் செய்தால் 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அதன் பிறகு அந்த நபருக்காக யார் மனுப் போட்டாலும் ஏற்க மாட்டார்கள்.

முன்கூட்டியே முடிவான கல்யாணம், மாப்பிள்ளையோ பெண்ணோ அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் என்றால், கே-1 என்னும் நிச்சயதார்த்த விசா இருக்கிறது. கடந்த 2 ஆண்டுக்குள் ஒருமுறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும், வந்த 90 நாளுக்குள் கல்யாணம். மெதுவான வழிதான். ஆனால் விமான நிலையத்தில் மென்று விழுங்க வேண்டியதில்லை.

கடைசியாகப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு. கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் கல்யாணமாகி 2 ஆண்டு ஆகவில்லை என்றால், 1986-இல் வந்த சட்டப்படி அது 2 ஆண்டுக்கு மட்டும் செல்லும் நிபந்தனை அட்டை. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களில் இருவரும் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 விண்ணப்பத்தைப் போட வேண்டும். 'சேர்ந்து' என்ற அந்த ஒரு நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு மனைவியை மிரட்டும் ஆண்களை எனக்குத் தெரியும். "கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்பார்கள். அனுப்ப முடியாது. கல்யாணம் உண்மையானது என்று காட்டினால், கொடுமைக்கு ஆளானவரோ விவாகரத்தானவரோ தனியாகவே அந்த விண்ணப்பத்தைப் போடலாம். கிரீன் கார்டே இன்னும் வரவில்லை, கணவன் குடிமகன் அல்லது கிரீன் கார்டு உள்ளவன் என்றால், 1994-இல் வந்த பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவள் தனக்காகத் தானே மனுப் போடலாம். ஆண்களுக்கும் இது பொருந்தும். அந்த மனுவைப் பற்றிக் கணவனிடம் சொல்லக் கூடாது என்று சட்டமே அதிகாரிகளைக் கட்டிப்போட்டிருக்கிறது. கணவன் கையெழுத்திட்ட பண ஆதரவு உறுதிமொழியான ஐ-864 விவாகரத்தோடு முடிவதும் இல்லை.

எச்-4-இல் இருக்கும் பெண்களுக்கு அந்தத் தனி மனு கிடையாது. வேலை அனுமதி கேட்க ஒரு தனி வழியும், குற்றத்துக்கு ஆளானவர்களுக்கான யு விசாவும் இருக்கின்றன. எந்த விசாவில் இருந்தாலும் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். கடவுச்சீட்டைக் கணவன் பூட்டி வைத்திருந்தாலும் ஐ-94-இன் ஒரு நகலை உங்கள் அம்மாவுக்கு அனுப்பி வையுங்கள்.