ஜன்னல் திரையும் ஒரு கவுனும்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, கடைசி வரிசை வரை உட்கார்ந்திருப்பவர்களே, வணக்கம். மணி நடுவர் கைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வணக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

'1940, 50களின் பாணியில் உடை தைத்து அணிவது ரசனையா, வேஷமா?' இதுதான் தலைப்பு. ரசனை என்று பேச வந்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "அம்மையார் மேடை ஏறியபோது யாரோ ஜன்னல் திரையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு வருகிறார்களோ என்று பயந்துவிட்டேன்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில்தான் சத்தம் அதிகம், பார்த்து வைத்திருக்கிறேன்.

ஐயா, திரைக்கு வருகிறேன். அதற்கு முன் இந்தத் 'திரை' எப்படித் தயாரானது என்று கேளுங்கள்.

1952-ல் அமெரிக்காவின் பட்டரிக் கம்பெனி ஒரு கவுன் பேட்டர்ன் விற்றது. பேட்டர்ன் என்றால், துணி மேல் வைத்து வெட்டுவதற்கான அளவுக் காகிதம். 'வாக்-அவே' என்று பெயர். காலைச் சாப்பாடு முடிந்ததும் தைக்க ஆரம்பி, மதியச் சாப்பாட்டுக்கு அதையே உடுத்திக்கொண்டு நட. இதுதான் விளம்பரம். வெட்ட வேண்டிய துண்டுகளும் சொற்பம். முன் துண்டு முதுகுப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளும். பின் துண்டு அகலப் பாவாடையாக முன்னால் சுற்றி வந்து இடுப்பில் பட்டன் போட்டுக்கொள்ளும். அவ்வளவுதான். அதன் மறுபதிப்பு என் கைக்கு வந்தது. காலை சாப்பிட்டேன். ஆரம்பித்தேன்.

ஓரம் அடிக்க வேண்டும். எந்த ஓரம்? எல்லா ஓரமும். கழுத்து ஓரம், கை ஓரம், பக்க ஓரம், கீழ் ஓரம். கிராஸ் பீஸ், அதாவது துணியைச் சாய்வாக வெட்டிய பட்டை, வைத்து ஒரே மூச்சாகச் சுற்றிக்கொண்டு போகிறேன், போகிறேன், ஊர்வலம் முடியவே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம் வந்தது. "ரெடியா?" என்றார் வீட்டுக்காரர். "ஓரம்" என்றேன். இரவு வந்தது. "ரெடியா?" "ஓரம்." மனிதர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

முடித்துவிட்டு, ஹேங்கரில் மாட்டி, வெற்றியோடு தூங்கினேன். விடிந்து பார்க்கிறேன், கவுனின் இடது பக்கம் முழங்கால் வரை, வலது பக்கம் கணுக்காலை விசாரிக்கப் போய்க்கொண்டிருக்கிறது. ஏன்? வட்டமாக வெட்டிய பாவாடையில் சில இடங்களில் துணி கிராஸாக விழும். அந்த இடமெல்லாம் தன் கனத்திலேயே இழுத்துக்கொண்டு இறங்கும். அதனால்தான் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, சமமாக வெட்டி, அப்புறம் ஓரம் அடிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு அவசரத்தில் இருந்தவளுக்கு அது எங்கே ஞாபகம்? அத்தனை ஓரத்தையும் பிரித்தேன். ஓரத்தை, நடுவர் அவர்களே! நூல் நூலாக!

பதினோராவது நாள் மதியம் அந்தக் கவுனோடு சாப்பாட்டு மேஜைக்கு நடந்து வந்தேன். விளம்பரத்தில் பொய் இல்லை. எந்த நாள் மதியம் என்று அவர்கள் சொல்லவே இல்லையே!

இந்தப் பதினோரு நாளைத்தான் ஐயா வேஷம் என்கிறார். வேஷம் போடுகிறவர் வாடகைக்கு எடுத்து, ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஓரம் பிரிக்கமாட்டார்.

சரி, இப்போது திரை. ஐயா, நீங்கள் கேலியாகச் சொன்னது சரித்திரம். இரண்டாம் உலகப் போர் நேரம். பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் உடைக்கு ரேஷன். முதல் வருஷம் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுனுக்கே 11 போய்விடும். துணியை மிச்சப்படுத்த ஆண்களின் கால்சட்டை முனையில் மடிப்பு வைக்கக்கூடத் தடை போட்டார்கள். ஆனால் குண்டுவீச்சுக்குப் பயந்து ஜன்னலை மறைக்கிற இருட்டடிப்புத் துணிக்குக் கூப்பன் கிடையாது. பெண்கள் என்ன செய்தார்கள்? அந்தத் துணியை வாங்கிக் கவுன் தைத்தார்கள்! ஆமாம் ஐயா, ஜன்னல் திரைதான்! என்னைத் திட்டுவதாக நினைத்து அவர்களோடு சேர்த்துவிட்டீர்கள். ரொம்ப நன்றி.

அந்த ரேஷன் 1949 வரை நீடித்தது. நடுவிலே, 1947 பிப்ரவரியில், பாரிஸில் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் மீட்டர் மீட்டராகத் துணி குடிக்கிற பாவாடையைக் காட்டினார். கூப்பன் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்குக் கோபம் வருமா, வராதா? வந்தது. ஆனால் அதே பாவாடை மேல் ஆசையும் வந்தது. என் கவுனின் அகலம் அந்த ஆசையின் அகலம்.

'பழைய உடையோடு பழைய அடிமைத்தனத்தையும் உடுத்துகிறீர்கள்' என்றார் இன்னொரு நண்பர். தம்பி, கவுனில் பாக்கெட் வைத்துத் தைத்திருக்கிறேன். பதில் அதற்குள் இருக்கிறது. அடுத்தது.

அடுத்தது என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு காகிதம்தான்.

நாற்பதுகளின் அசல் பேட்டர்ன் ஒன்று, யாரோ உபயோகித்தது, பழைய பொருள்களோடு எனக்குக் கிடைத்தது. 16-ம் சைஸ். பயந்துவிடாதீர்கள், அன்றைய 16-க்கு மார்பு 34 அங்குலம். இன்று அதே 34 பேட்டர்னில் 12-ம் சைஸ். உறையைப் பிரித்தேன். வெங்காயத் தோல் மாதிரி காகிதம், அச்சே இல்லை, எங்கே மடிப்பது எங்கே பிடிப்பது என்பதெல்லாம் துளைகள்தான். இடுப்புப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: ஒரு அங்குலம் கூட்டு. அதற்குக் கீழே, வேறு பென்சிலில்: இன்னும் ஒன்று. அதற்கும் கீழே, முதல் கோட்டுக்கே திரும்பி வந்து ஒரு கோடு. பக்கத்தில் சின்னதாக இன்னொரு அளவு எழுதியிருந்தது. தோள் எட்டு அங்குலம்.

எட்டு அங்குலத் தோள் யாருக்கு இருக்கும், சொல்லுங்கள்.

தலைப்பை மறந்துவிட்டேன், மன்னியுங்கள். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. அவள் இடுப்பு தெரியும், அவள் குழந்தையின் தோள் தெரியும். என் அம்மாவும் இப்படித்தான், என் சட்டைகளில் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பாள். வருஷா வருஷம் ஒரு தையலைப் பிரித்துவிடுவாள். பிரித்த இடத்தில் சாயம் மங்காத ஒரு பட்டை தெரியும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள், நான் அழுதுகொண்டு வந்து அவளைத்தான் திட்டுவேன்.

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடித்தேன். அந்தப் பேட்டர்னை நான் வெட்டவில்லை. வேறு காகிதத்தில் பிரதி எடுத்துக்கொண்டு, அவள் மடித்த மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தேன். இடுப்புத் துண்டில் துருப்பிடித்த குண்டூசி ஒன்று இருந்தது. அதையும் அவள் குத்திய துளையிலேயே குத்திவிட்டேன். வணக்கம்.